பொறியும் இயலும்

'எஞ்சினியர்' என்பதற்கு ஈழத்தில் 'பொறியியலாளர்' என்றும் தமிழகத்தில் பெரும்பாலும் 'பொறியாளர்' என்றும் எழுதுகிறோம். இதனை வெறும் வழக்கு வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. பொறியாளர் பொறியைக் கையாள்பவர். பொறியியலாளரோ பொறி பற்றிய இயலைக் கையாள்பவர். அதாவது பட்டம் பெற்றவர். நடுவில் நுழைந்த 'இயல்', இயந்திரத்தோடு நிற்பவரைச் சொல்லுக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

மூலச்சொல்லில் இந்த வேலி இல்லை. மதிநுட்பத்தைக் குறித்த 'இன்ஜேனியும்' என்ற இலத்தீன் சொல், இடைக்காலத்தில் அந்த நுட்பத்தால் ஆன போர்க்கருவியையும் குறித்தது. அக்கருவியைச் செய்தவரே முதல் எஞ்சினியர். தமிழிலும் பொறிக்கு இந்தப் பொருள் உண்டு: மதுரை மதில்மேல் இருந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கிச் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமும் கால்வாயும் கட்டிய ஜோன் சிமீற்றன், படைசார்ந்தோரிடமிருந்து தம்மை வேறுபடுத்தவே 'சிவில்' என்ற அடையைச் சேர்த்துக்கொண்டார். ஆகவே 'குடிசார் பொறியியல்' சிலர் நகைப்பதுபோல் பிழையான மொழிபெயர்ப்பு அன்று. 'கட்டடப் பொறியியல்' விளங்க எளிது. ஆனால் அந்த வரலாறு அதில் இல்லை. போருக்குத் தப்பி வந்த நாமாவது இதனைக் கவனித்திருக்கலாம்.

1851இல் இங்கிலாந்தில் எஞ்சினியர்களின் ஒன்றிணைந்த சங்கம் அமைந்தது. அதில் இருந்தவர்கள் பட்டதாரிகள் அல்லர். பிற்றர்களும் லேத் வேலைக்காரர்களும். மேலதிக நேர வேலையையும் துண்டுக்கூலியையும் அவர்கள் எதிர்த்தபோது, 1852இல் முதலாளிகள் ஆலைக் கதவுகளை அடைத்தனர். இச்சங்கத்தின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது? 'பொறியியலாளர் சங்கம்' என்றால் வாசகர் கழுத்துப்பட்டி அணிந்தவர்களை நினைப்பார். 'இயந்திரத் தொழிலாளர் சங்கம்' என்றால், அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரை நாம் பறித்தவர்களாவோம்.

பிரித்தானியாவில் இன்றும் சலவை இயந்திரம் திருத்த வருபவர் எஞ்சினியர்தான். ஜெர்மனியிலோ அது சட்டம் காக்கும் பட்டப்பெயர். நமது சொல் ஜெர்மன் பக்கம் நிற்கிறது. நமக்குச் சட்டமும் தேவைப்படவில்லை, திருமண விளம்பரமே போதுமாயிற்று.

நான் வேலைசெய்யும் ஆலையில், ஓசையைக் கேட்டே எந்தப் பெயரிங் தேய்ந்தது என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத் 'தொழிலாளி' என்பதற்கு மேல் தமிழில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. 'பொறிஞர்' என்று சிலர் எழுதுகிறார்கள். கவிஞர், கலைஞர் போன்ற ஆக்கம். பட்டம் கேட்காத விகுதி. பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கும் இவருக்கும் அதையே பொதுவில் வழங்கலாம் என்பேன். மறுப்பவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.