தில்லையும் செர்ரியும்

வங்கி வேலை முடிந்த மாலைகளில் கடலூரில் எனக்குப் படிக்கக் கிடைக்கும் ஹைக்கூத் தொகுதிகளில் ஏதாவதொரு பக்கத்தில் செர்ரிப்பூ உதிர்ந்துவிடுகிறது. எழுதியவர்கள் பெரும்பாலும் விருத்தாசலத்தைத் தாண்டாதவர்கள்.

பூவைப் பார்த்திராதது குற்றமில்லை. சங்கப் புலவர் எல்லாரும் குறிஞ்சியைப் பார்த்துவிட்டுத்தான் பாடினார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் குறிஞ்சி என்றதும் மலையும் யாமமும் புணர்ச்சியும் கூடவே வந்து சேர்கிற ஏற்பாடு ஒன்று இருந்தது. ஜப்பானியக் கவிதையிலும் ‘ஹனா’, அதாவது பூ, என்று மட்டும் சொன்னால் போதும்; அது செர்ரி, அது வசந்தம், சில நாளில் உதிரப்போவது. பதினேழு அசையில் ஒரு கவிதை நிற்பது இந்தப் பொதுச் சொத்தின் பலத்தில். நம்மவர் பூவை எடுத்து வந்தார்கள், ஏற்பாட்டை அங்கேயே விட்டுவிட்டார்கள். மிஞ்சியது காலண்டர் படம். பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது அவரைப் பிடித்திழுத்தது சொற்சுருக்கம், பூ அல்ல. (இரண்டு வருஷம் கழித்து இதே கடலூரில்தான் அவரைச் சிறையில் வைத்தார்கள்.)

இன்னொன்று. எட்டாம் நூற்றாண்டு மன்யோஷூவில் செர்ரியைவிடச் சீனத்திலிருந்து வந்த உமேப் பூவுக்கே பாட்டுகள் அதிகம். 905 வாக்கில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூவில் செர்ரி முந்திவிடுகிறது. இரவல் பூவில் பழகிய கை, தன் மலைச்சரிவில் நின்ற மரத்துக்குத் திரும்பிற்று. 1945இல் விமானி உயிரோடு திரும்ப வழியில்லாத குண்டு விமானத்தை ‘ஓகா’, செர்ரிப்பூ, என்ற பெயரில் ஏவினார்களே, அதுவும் இந்த ஏற்பாட்டின் பலம்தான். ஒரு சமூகம் முழுக்க ஒப்புக்கொண்ட படிமத்தை ராணுவமும் எடுத்துக்கொள்ளும். நம் தொகுதிகளின் செர்ரியை எந்த ராணுவமும் சீந்தாது.

சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லையைப் பார்க்கப் பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூ என்றே தோன்றாத மெல்லிய கதிர். உதிருமுன் இலை சிவக்கிறது. பால் பட்டால் தோல் எரியும், கண்ணில் தெறித்தால் பார்வை மறைக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் இதையும் சேர்த்தார். பிறகு தேவாரத்தில் தில்லை ஊராகி, ஊர் கோயிலாகி, மரம் மறைந்துபோயிற்று. இன்று தில்லை என்று எழுதினால் வாசகன் நடராஜரைத்தான் பார்க்கிறான். ஆகவே இதை எழுதுவது செர்ரியை எழுதுவதைவிடச் சிரமம். அங்கே அர்த்தமே இல்லை, இங்கே அர்த்தம் மிதமிஞ்சிக் கிடக்கிறது. நான் கேட்பது தல விருட்சத்துக்கு இன்னொரு தோத்திரமல்ல. பால் பட்டுக் கை எரிகிற மூன்று வரி. யாராவது எழுதியிருந்தால் அனுப்பட்டும்.