பிணை நின்ற படலமும் நாமும்

ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் மௌலிது ஓதி முடிந்து, நேர்ச்சைச் சோறும் பங்கிட்டான பின்னர், எம் தெருவில் சிலர் கலையாமல் அமர்ந்திருப்பது வழக்கம். ஒவ்வொருவரும் தமக்கு உவப்பான பழம்பாடல் ஒன்றைச் சொல்லவேண்டும். இயன்றால் பாடவும் வேண்டும். ஒருவர் இமாம் பூஸீரியின் கஸீதத்துல் புர்தாவிலிருந்து சில அடிகளை ஓதுவார். மற்றொருவர் குணங்குடியாரின் கண்ணிகளை இசைப்பார். காயற்பட்டினத்தார் எவரேனும் இருப்பின், தம்மூர்க் காசிம் புலவரின் திருப்புகழ்ச் சந்தத்தைத் தொடையில் தாளமிட்டு முழக்குவார். இளைஞர்களோ, 1925இல் பிறந்து 2015இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனிபாவின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுத் தாம் வாய்திறவாது இருந்துவிடுவர். பாடல்கள் ஓய்ந்ததும் பேச்சு நாளிதழுக்குத் தாவும். வெள்ளம், விலைவாசி, போர், வழக்கு, சிறை என்று நடுநிசிவரை அது நீளும்.

இரண்டும் ஒரே பாயில்தான் நிகழ்கின்றன. ஆயினும், பாடல் வேறு, செய்தி வேறு என்றே நாம் கொண்டிருக்கிறோம். பாடலைப் பேசும்போது 'அந்தக் காலம்' என்று பெருமூச்செறிகிறோம். செய்தியைப் பேசும்போது 'இந்தக் காலம்' என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். பண்டை அரபியரோ தம் கவிதையைத் 'தீவான்' என்றனர். தம் குலத்தின் நடப்புகளும், பட்ட கடனும், கொடுத்த வாக்கும் பதிவான ஏடு அது என்பது அவர்தம் கருத்து. பதிவேட்டைப் புரட்டுபவன், தன் பெயரில் நிலுவை ஏதும் உண்டா என்று பார்க்கவே புரட்டுகிறான். நம் பழம்பாடல்களை நாம் அவ்வாறு புரட்டியதுண்டா? இவ்வினாவுடன் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் இரண்டு இடங்களை இங்கே நோக்குவோம். இரண்டும் யாம் இளமை தொட்டு விரும்பிப் படித்தவை; பிறருக்குப் படித்துக் காட்டியவை.

முதலாவது, நாட்டுப் படலம். அரபு நாட்டைப் பாடப் புகுந்த உமறு, மேகம் கடல் நீரை முகந்து மலையிலே பொழிவதையும், வெள்ளம் பெருகி இறங்கி வயலிற் பாய்வதையும், உழவர் நாற்று நடுவதையும் பாடுகிறார். பாலை நிலத்தில் நெல் விளைவதா என்று நகைத்தோர் உண்டு. தமிழ்க் காப்பிய மரபு அதுவே என்று அமைதி கூறியோரும் உண்டு. எம் ஆசிரியர் இரண்டாம் கட்சியினர். யாமும் அவர் வழி நின்று, "புலவர் தாம் கண்ட நாட்டையே தாம் காணாத நாட்டின்மேல் ஏற்றிப் பாடினார்" என்று மாணவர்க்குக் கூறி, அடுத்த பாட்டுக்குச் செல்வதே வழக்கம்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்பாண்டிச் சீமையில் பெய்த மழைக்குப் பின்னர் அவ்வாறு எளிதாகக் கடந்து செல்ல இயலவில்லை. காயற்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது. குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் வண்டியொன்று பயணிகளோடு நின்றுவிட, அக்கம்பக்கத்து ஊரார் அவர்களுக்கு உணவளித்தனர். நீர் சூழ்ந்த ஊர்களில் பள்ளிவாசல்கள் கதவு திறந்து, சமயம் பாராமல் குடும்பங்களை ஏற்றுக்கொண்டன. உமறு பிறந்து வளர்ந்த எட்டயபுரச் சீமை அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததே.

அந்த வாரத்தில் நாட்டுப் படலத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்பு எம் கண்ணிற் படாத ஒன்று அப்போது பட்டது. உமறு பாடும் வெள்ளம் எங்கும் தடுமாறுவதில்லை. மலையினின்று இறங்குகிறது, சமவெளியைக் கடக்கிறது, வயலை நிறைக்கிறது. தான் செல்லவேண்டிய இடம் அந்த நீருக்குத் தெரியும்; அதற்கு வழிவிடவேண்டும் என்பது அந்நாட்டு மக்களுக்கும் தெரியும். நாம் அணிநயம் என்று எண்ணிக் கடந்துபோன பாட்டு, நீரின் வழியைக் காட்டும் பழம்பத்திரம்போல் இப்போது காட்சியளிக்கிறது. வாய்க்காலின்மேல் வீடு கட்டிய நாம், குளத்துக்குள் தெரு அமைத்த நாம், புலவர் இல்லாத வயலைப் பாடினார் என்று குறை காண்கிறோம்! இருந்த வயலை இல்லாமற் செய்தவர் யார் என்ற கேள்வி அப்பாட்டின் பின்னால் நிற்கிறது.

இங்கே ஒரு நபிமொழியும் நினைவுக்கு வருகிறது. மழையின்மையால் வாடிய மதீனாவில், ஒரு வெள்ளிக்கிழமை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மழை வேண்டி இறைஞ்சினார்கள். ஒரு வாரம் விடாது பெய்தது. அடுத்த வெள்ளியன்று மக்கள் வந்து, வீடுகள் இடிகின்றன என்று முறையிட்டனர். அப்போது பெருமானார் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. தம்மைச் சுற்றிலும் பெய்யட்டும், தம்மேல் வேண்டாம் என்றும், குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்களின் வேர்களிலும் பெய்யட்டும் என்றுமே வேண்டினார்கள். நீருக்கு உரிய இடத்தை நீருக்கே கேட்ட பிரார்த்தனை அது. அந்தத் துஆவை மனனம் செய்தவர் நம்முள் பலர். ஓடையை ஓடையாக விட்டுவைத்தவர் எத்தனை பேர்?

இரண்டாவது, மானுக்குப் பிணை நின்ற படலம். பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றதாதலின், முஸ்லிம் அல்லாத தமிழரும் அறிந்த கதை இது. மலைச்சாரலில் வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். பால் குடிக்கும் கன்றை நினைந்து அது கலங்குகிறது. அவ்வழி வந்த நபிகளாரிடம், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வர விடைகேட்கிறது. பெருமானார் தாம் பிணை நிற்பதாகக் கூறி, மானை அவிழ்த்துவிடுமாறு வேடனிடம் கேட்கிறார்கள். காட்டுக்குள் ஓடிய மான் மீளுமோ என்று அவன் நகைக்கிறான், பின் இசைகிறான். மான் போகிறது. இனத்தார் தடுத்தும் நில்லாது, கன்றையும் உடன்கொண்டு மீள்கிறது. வேடன் மனம் மாறி ஈமான் கொள்கிறான்.

'பிணை' என்னும் தமிழ்ச்சொல் பெண்மானையும் குறிக்கும். ஈடாக நிற்பதையும் குறிக்கும். பிணைக்குப் பிணை நின்றார் என்னும் இந்த அழகைச் சொல்லிச் சொல்லி மகிழாத தமிழாசிரியர் இல்லை. யாமும் ஆண்டுதோறும் சொல்லி மகிழ்ந்தோம். மதரஸாவில் ஓதிய பழக்கத்தால் ஒன்றைக் கூடுதலாகவும் சொல்வோம்: நீதிமன்றத்தில் வழங்கும் 'ஜாமீன்' என்னும் சொல் அரபியின் 'ளாமின்' என்பதன் திரிபு, பிணை நிற்பவன் என்பது அதன் பொருள். ஃபிக்ஹு நூல்களில் 'ளமான்' என்று இதற்குத் தனிப் பாடமே உண்டு. பொருளுக்குப் பிணை நிற்பதும், ஆளுக்குப் பிணை நிற்பதும் அங்கே பிரித்துப் பேசப்படும். கடனோடு இறந்தவர் ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தப் பெருமானார் தயங்கியபோது, அக்கடனுக்குத் தாம் பொறுப்பென்று அபூகதாதா (ரலி) முன்வந்த வரலாற்றையும் எடுத்துரைப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, அஸர் தொழுது வீடு திரும்பியபோது, எம்மிடம் முன்பு பயின்ற ஒருவனின் தாயார் வாசலில் நின்றிருந்தார். சுமை வண்டி ஓட்டிப் பிழைத்தவன், ஒரு கைகலப்பு வழக்கில் சிறைப்பட்டிருந்தான். நீதிமன்றம் ஜாமீன் வழங்கிவிட்டது. ஆனால் இருவர் பிணை நிற்கவேண்டும். "ஹஜ்ரத், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா எம் மவன் வீட்டுக்கு வந்துருவான்" என்றார் அந்த அம்மா. வீட்டு வரி ரசீதும், அடையாள அட்டையும், அரை நாள் நேரமும் அன்றி வேறெதுவும் அவர் கேட்கவில்லை. யாம் யோசித்துச் சொல்வதாகக் கூறினோம். யோசித்தோம். அவன் ஓடிவிட்டால் என்ன ஆவது? ஆசிரியர் ஒருவர் நீதிமன்றப் படியேறுவது அழகா? பத்து நாள் கடந்து, கடைத்தெருவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் ஒருவர் தம் வரி ரசீதைக் கொடுத்து அவனை மீட்டார் என்று அறிந்தோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். சீறாவை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்த கல்வியாண்டில் அப்படலம் வகுப்புக்கு வந்தது. பிணை என்னும் சொல்லின் இருபொருளை விளக்க வாயெடுத்தோம், குரல் எழவில்லை. சொல்வதைச் செய்யாத கவிஞர்களைக் குர்ஆனின் 'அஷ்ஷுஅரா' அத்தியாயம் கண்டிப்பதை யாம் அறிவோம். அக்கண்டனம் கவிஞருக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம். பாடலை விளக்கிப் பெயரெடுப்பவருக்கும் அதில் பங்குண்டு என்பது அன்றுதான் உறைத்தது.

இது எம் ஒருவரின் குறையாயின் இங்கே எழுதவேண்டுவதில்லை. இந்தியச் சிறைகளைப் பற்றிய 2022ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, சிறையில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் குற்றம் மெய்ப்பிக்கப்படாமலே உள்ளே இருந்தனர் என்பது இதன் பொருள். ஜாமீன் கிடைத்தும் பிணை கிடைக்காமையால் வெளிவர இயலாதோர் உண்டென்பதைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அவர்களுக்கென வழிமுறைகளை வகுத்தது. கையெழுத்திட ஆளின்றிக் கட்டுண்டு கிடக்கும் பிணைகள் அவர்கள். கன்றுகள் வெளியே காத்திருக்கின்றன. நாமோ ஆண்டுதோறும் அப்படலத்தை இராகம் போட்டுப் பாடுகிறோம்.

அப்படலத்தை இப்போது படிக்கையில், யாம் முன்பு பிழையாகப் படித்தோம் என்று தோன்றுகிறது. மானின் கண்ணீரிலும், அது மீண்டு வரும் வியப்பிலுமே எம் மனம் தோய்ந்திருந்தது. மான் சென்றதற்கும் வந்ததற்கும் இடையே ஒரு பொழுது உண்டு. அப்பொழுது முழுவதும் வேடனின் ஏளனத்தின் முன்னே பெருமானார் நிற்கிறார்கள். படலத்தின் பெயரே 'நின்ற' என்றுதான் சொல்கிறது. வேடனின் ஐயத்தைக் கவனியுங்கள். உலகியல் அறிந்த எவனும் கேட்கும் நியாயமான கேள்வி அது. அதை மறைக்காமல் அவன் வாயில் வைத்ததே உமறுவின் புலமைக்குச் சான்று. அந்த ஐயம் வலுவாக இருப்பதனால்தான் நிற்பதற்கு மதிப்பு உண்டாகிறது.

அதன்பின் இருமுறை யாம் நீதிமன்றப் படியேறிக் கையெழுத்திட்டோம். முதலாமவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாது வந்தான். இரண்டாமவன் வரவில்லை. எமக்கு அறிவிப்பு வந்தது, பிணைத்தொகையைக் கட்டினோம். "படலம் பொய்த்துவிட்டதே ஹஜ்ரத்!" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அன்றிரவு நெடுநேரம் அதையே எண்ணியிருந்தோம். எல்லா மான்களும் மீளும் என்று உமறு எங்கும் சொல்லவில்லை. மான் மீண்டது நபிகளாரின் முஃஜிஸாத். அது நம் கையில் இல்லை. நிற்பது சுன்னத்து, அது நம் கையில் இருக்கிறது. இரண்டாமவன் வராததால் தொகை போயிற்று. முதலாமவனை உள்ளேயே விட்டிருந்தால் போயிருக்கக்கூடியது அதனினும் பெரிது.

பழம்பாடல்களைப் பித்அத்து என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அத்தர்ப் புட்டிபோல் போற்றி நுகர்வோரும் உண்டு. இரு சாராரும் வாதிடுகின்றனர். பாடல் கேட்கும் கேள்விக்கு இரு சாராருமே விடை கூறவில்லை. விரும்பும் பாடலை விட்டுவிடும்படி யாம் எவரையும் வேண்டவில்லை. எம் வேண்டுகோள் சிறிது: அடுத்த மௌலிது இரவில், தமக்கு உவப்பான பாடலைப் பாடி முடித்தவர், அன்றைய நாளிதழையும் கையில் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பாடல் தொடும் செய்தி ஒன்று அதில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கையில், அச்செய்தியில் தம்மால் ஆவது என்ன என்று ஒரு சொல் சொல்லட்டும்.

சென்ற ஆண்டு எம் முறை வந்தபோது, மான் படலத்தையே மீண்டும் பாடினோம். குரல் முன்போல் இனிமையாக இல்லை என்று நண்பர்கள் கூறினர். உண்மைதான். பாடியதைச் செய்யும் வலிமையை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.