யார் எழுந்தார்கள்?

என் அக்கா மகள் கல்லூரியில் சமூகவியல் படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு நாள் செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், "மாமா, நாளைக்குக் காலையில என்னோட ரயில்ல வரணும். ஊர் வழக்கம் ஒண்ணை நாலு பேர் நடுவுல மீறிப் பார்த்து எழுதணும். அதுதான் வகுப்புல கொடுத்திருக்கிற வேலை" என்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வழக்கத்தை மீறுவதையெல்லாம் என் கதாபாத்திரங்களிடம் விட்டுவிட்டு, நான் ஒழுங்காக வீட்டு வரி கட்டி வாழ்கிறவன்.

அன்று இரவு அவள் கொண்டுவந்த புத்தகங்களைப் புரட்டினேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குப் பேராசிரியர்களின் எழுத்தில் ஒரு மரியாதை உண்டு. ஹெரால்ட் கார்ஃபிங்கல் லாஸ் ஏஞ்சலிஸில் பேராசிரியராக இருந்தவர். 1967-ல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு பரிசோதனை வருகிறது. மாணவர்கள் தங்கள் சொந்த வீட்டிலேயே, குடிக்கூலிக்கு இருக்கும் அந்நியரைப் போலச் சிறிது நேரம் நடந்துகொள்ள வேண்டும். கேட்டால்தான் பேச வேண்டும். எதற்கும் மிகுந்த மரியாதை காட்ட வேண்டும். வீட்டார் திகைத்தார்கள், கோபித்தார்கள், உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். 49 மாணவர்களில் ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள், அல்லது அவர்கள் முயற்சி பலிக்கவில்லை. நாம் யோசிக்காமல் கடைப்பிடிக்கும் சிறு சிறு நம்பிக்கைகளின்மேல்தான் வாழ்க்கை நிற்கிறது; ஒன்றை உருவிப் பார்த்தால்தான் அது அங்கே இருந்தது தெரிகிறது என்பது அவர் கட்சி. மறுக்க முடியாத கட்சி.

அடுத்தவர் உளவியல் அறிஞர் ஸ்டான்லி மில்கிராம். 1970-களில் நியூயார்க் சுரங்க ரயிலில், உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல் இடம் கேட்கும்படி மாணவர்களை அனுப்பினார். நூற்றுக்கு 68 பேர் எழுந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் விட்டார்கள். நின்றுகொண்டு படிக்க முடியவில்லை என்று ஓர் அற்பக் காரணம் சொன்னபோது நூற்றுக்கு 42 பேர்தான் கொடுத்தார்கள். மில்கிராமே ஒரு முறை கேட்கப் போனார். வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்த பிறகு, தாம் கேட்டதற்கு நியாயம் காட்டவேனும் நோயாளியைப் போல உட்கார வேண்டும் என்று தோன்றியதாம். கேட்கிறவனுக்கு இத்தனை வேதனை இருக்கும் என்று எடுத்துக் காட்டியது பெரிய விஷயம். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய விஷயம்.

மறுநாள் கடற்கரை போகும் மின்சார ரயிலில் ஏறினோம். நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பார்வையாளன் வேலை. முதலில் ஆபீஸ் பையோடு இருந்த ஒருவரைக் கேட்டாள். "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். இல்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அடுத்து ஒரு கல்லூரிப் பையன்; வெட்கப்பட்டு நகர்ந்து கொடுத்தான். மூன்றாவதாக, கொய்யாக் கூடையைக் காலருகே வைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. இவள் வாயிலிருந்து பாதி வார்த்தை வருவதற்குள் அந்த அம்மாள் எழுந்து, கூடையை இழுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிட்டாள்.

எங்கள் பெண்ணுக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. பின்னாலேயே போய், "ஏன் பாட்டி எழுந்தீங்க?" என்று கேட்டாள்.

"எழுந்திருன்னா எழுந்திருக்கிறது எனக்குப் புதுசா, கண்ணு?" என்றாள் கிழவி.

கூடுவாஞ்சேரியில் அவள் இறங்கும் வரை நின்றுகொண்டே வந்தாள். நானும் என் இடத்தைவிட்டு அசையவில்லை. பார்வையாளன் அல்லவா?

பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில், 'மூவரில் இருவர் இணங்கினர்' என்று இருந்தது. இந்தப் பரிசோதனையின் குறை அந்த ஒரு வரியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் பையனும் கிழவியும் ஒன்று. ஆனால் பையன் கொடுத்தது இடம். கிழவி கொடுத்தது, ஆயுள் முழுவதும் கொடுத்துப் பழகிய ஒன்றை. ஒரு விதியை நாம் மீறியதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதைவிடப் பழைய விதி ஒன்று, படித்த பெண் கேட்டால் கூடைக்காரி எழுந்திருக்க வேண்டும் என்ற விதி, அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மாணவன் மீறும்போது, 'இது பாடத்துக்காக' என்ற அனுமதிச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறது. அது இல்லாமல் மீறியவர்களை இந்தச் சீமை பார்த்திருக்கிறது. 1929 பிப்ரவரியில் இதே செங்கல்பட்டில் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்றும் தீர்மானம் செய்தார்கள். அந்த இயக்கத்தின் தலைவரான பெரியாரே, 'நாயக்கர்' என்ற வாலை விட்டவர். அவர்களுடைய மற்றக் கொள்கைகளை ஒருவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் தங்களுக்குக் கௌரவம் தந்துகொண்டிருந்த வழக்கத்தையே அவர்கள் மீறினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரம். அங்கே தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தன்னை உட்கார விடவில்லை என்று நரிக்குறவப் பெண் ஒருவர் 2021-ல் காமிராவுக்கு முன்னால் துணிந்து பேசினார். ஊரெல்லாம் அதைப் பார்த்தது. அக்டோபர் மாதக் கடைசியில் அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவரோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4-ம் தேதி, தீபாவளியன்று, முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் குடியிருக்கும் பூஞ்சேரிக்கே போனார். அந்தப் பெண் யாருடைய இடத்தையும் கேட்கவில்லை. தன் இடத்தைக் கேட்டார். அதுவே விதிமீறலாக இருந்தது! இந்த மீறலுக்கு மதிப்பெண் கிடையாது. கிடைக்கக்கூடியது அவமானம், அல்லது நியாயம். எது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

ஆகவே பேராசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். பிள்ளைகளை மீறச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரவருக்குச் சாதகமாக இருக்கும் விதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மீறச் சொல்லுங்கள். அப்போது பிறர் முகம் மாத்திரம் அல்ல, தம் முகமும் தெரியும்.

சொல்வது சுலபம் என்று வாசகர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சென்ற வாரம் செங்கல்பட்டில் ரயில் கிளம்பியதும், பூக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளிடம் போய், "என் இடத்துல உக்காருங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது. அந்த அம்மாள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "வேணாம் சாமி, இங்கேயே சௌகரியமா இருக்கு" என்றாள். பக்கத்திலிருந்தவர், "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். மில்கிராமின் தொண்டை அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. திரும்பிப் போய் உட்காரவும் வெட்கமாக இருந்தது. நின்றேன்.

பரனூரில் ஏறிய ஒருவர் காலியாயிருந்த இடத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் விதிப்படிதான் நடந்துகொண்டார்.