தப்பான காசு

‘இந்த ஐந்து ரூபாய் உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!’ என்று யூட்யூபில் ஒரு குரல் பதறுவதைக் கேட்டிருப்பீர்கள். 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி காசிலிருந்து கோணலாக அச்சு விழுந்த காசு வரை எல்லாமே லட்சம்தான். இந்த வீடியோக்களால் ஒரு நன்மை: ஜனங்கள் காசை உற்றுப் பார்க்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் அவை சொல்வதில்லை.

கேட்கவேண்டியது ஒரே கேள்வி. தப்பு எங்கே நடந்தது? மிண்ட்டுக்குள் நடந்தால் பிழை. வெளியே வந்தபின் நடந்தால் காயம். பிழைக்கு விலை உண்டு. காயம்பட்ட ஐந்து ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான், அதுவும் கடைக்காரர் வாங்கிக்கொண்டால்.

ஓரத்தில் பிறைபோலக் கடிபட்டிருக்கிறதா? தகட்டில் ஏற்கெனவே வெட்டிய ஓட்டைமேல் பஞ்ச் மறுபடி விழுந்தால் அப்படி ஆகும். அப்போது நேர் எதிர் விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். யாரோ அரத்தால் ராவியிருந்தால் எதிர்ப்பக்கம் ஜம்மென்று இருக்கும்.

ஒரு பக்கம் சரியாக இருந்து, மறுபக்கமும் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாக இருந்தால் அது ‘ப்ராக்கேஜ்’. முந்தைய காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அடி வாங்கியிருக்கிறது. இரண்டு காசுகளை வைஸில் வைத்து நசுக்கியும் இப்படிச் செய்யலாம். ஆனால் அதில் நசுங்கிய பழைய எழுத்து அடியில் எட்டிப்பார்க்கும்.

இரண்டு பக்கமும் ஒரே முகமா? அநேகமாக லேத் பட்டறைக் கைவண்ணம். விளிம்பின் உள்ளோரத்தில் ஜாயின்ட்டைத் தேடுங்கள்.

1911-ன் ‘பன்றி ரூபாய்’ வேறு ரகம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த குட்டியூண்டு யானை, பார்த்தவர்களுக்குப் பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு வந்தது. வெளியே விடாத காசுகளை உருக்கிவிட்டு, 1912-ல் யானைக்குத் துதிக்கையைத் தெளிவாகப் போட்டார்கள். இது அடித்ததில் வந்த பிழை அல்ல, வரைந்ததில் வந்தது. பெரும்பாலானவை உருகிப்போனதால்தான் மிச்சத்துக்கு இத்தனை கிராக்கி.

சரி, விலை? விளம்பரத்தில் கேட்கிற விலை வேறு, ஏலத்தில் போன விலை வேறு. இரண்டாவதை மட்டும் நம்புங்கள். பிழை பளிச்சென்று தெரிய வேண்டும், காசு தேயாமல் இருக்க வேண்டும், முக்கியமாக அதைத் தேடுகிற ஆள் வேண்டும். லேசாகத் திரும்பிய அச்சுக்கெல்லாம் யாரும் வீட்டை விற்று வரமாட்டார்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விலை போய்விடும்.

பழைய காசு, நோட்டு விற்பனையில் தனக்குச் சம்பந்தமில்லை, கமிஷனோ கட்டணமோ தான் கேட்பதில்லை, தன் பெயரில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. ‘உங்கள் காசுக்குப் பத்து லட்சம் ரெடி, முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்’ என்று போன் வந்தால் பூதக்கண்ணாடியே தேவையில்லை. வைத்துவிடுங்கள், போனை.