ஸ்கெல்டு கப்பலில் ஒரு விசாரணை: ‘அமங் அஸ்’ விளையாட்டு விமர்சனம்

கண்ணெதிரே நிகழாத ஒரு குற்றத்தை, அது நிகழ்ந்த இடத்தையும் காலத்தையும், அங்கே இருந்தவர் இல்லாதவர் எல்லாருடைய வாய்மொழியையும் மாத்திரமே ஆதாரமாகக் கொண்டு இன்னார் செய்தது என்று நிர்ணயிப்பது மனித புத்திக்கு வாய்த்த கடினமான காரியங்களுள் ஒன்று. அந்தக் காரியத்தைச் சில நிமிஷப் பொழுதுபோக்காகச் சுருக்கிக் கைப்பேசித் திரைக்குள் அடக்கித் தந்திருக்கிறது ‘அமங் அஸ்’ என்னும் இணையவழி விளையாட்டு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ரெட்மண்ட் நகரைச் சேர்ந்த இன்னர்ஸ்லாத் என்ற நிறுவனம், தான் மிகச் சிறியதாயிருந்த 2018 ஜூன் மாதத்தில் இதை வெளியிட்டது. இரண்டாண்டுக் காலம் அதிகம் பேர் கண்ணில் படாமல் கிடந்த இவ்விளையாட்டு, 2020இல் பெருந்தொற்று உலகத்தையே வீட்டுக்குள் பூட்டி வைத்த சமயத்தில், தாம் ஆடுவதை நேரலையாகக் காட்டுவோர் மூலம் திடீரென்று பிரசித்தி அடைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இரண்டாம் பாகம் ஒன்றை அறிவித்த அந்நிறுவனத்தார், அடுத்த மாதமே அந்த எண்ணத்தைக் கைவிட்டு, அதற்கென்று யோசித்து வைத்தவற்றை முதல் விளையாட்டிலேயே சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். இன்று ஆடிப் பார்க்கிற எனக்கு அந்தத் தீர்மானம் மிகவும் சிலாக்கியமானதாகவே தோன்றுகிறது.

இதன் வமிசாவளி பழையது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்ற திமீத்ரி தவீதோவ் என்பவர் 1986ஐ ஒட்டிய காலத்தில் ‘மாஃபியா’ என்றொரு கூட்ட விளையாட்டை அமைத்தார்; தமக்குள் ஒருவரையொருவர் அறிந்த சிலரும், யாரையும் அறியாத பலரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பேசுவதே அதன் அடிப்படை. 1997இல் ஆண்ட்ரூ ப்ளாட்கின் என்ற அமெரிக்கர் அதற்கு ஓநாய் மனிதர் கதையைப் போர்த்தினார். நம் வீடுகளில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டு, போலீஸ் சீட்டு எடுத்த பிள்ளை திருடனைக் கண்டுபிடிக்கும் ஆட்டமும் இந்த வகுப்பைச் சேர்ந்ததே. ஆனால் இவை எல்லாவற்றிலும் துப்பறிகிறவனுக்கு அகப்படுவது பெரும்பாலும் எதிராளியின் முகமும் பேச்சுந்தான். கண் இமைத்தது, குரல் இடறியது, சிரிப்பு சற்று அதிகப்பட்டது என்ற அற்பமான குறிப்புகளைக் கொண்டு தீர்ப்புக் கூற வேண்டியிருக்கிறது; கூச்ச சுபாவமுள்ளவன் எப்போதுமே திருடனாகிவிடுகிறான். ‘அமங் அஸ்’ முகத்தை அடியோடு மறைத்துவிட்டு, ஒரு வரைபடத்தையும், அதில் நடமாடுவதற்குக் கால்களையும், ஓடிக்கொண்டே இருக்கும் காலத்தையும் கொடுத்தது. என் அபிப்பிராயத்தில் இதன் மேன்மை முழுவதும் அந்த ஒரு மாற்றத்திலேயே இருக்கிறது.

ஆட்ட முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கெல்டு என்னும் விண்கப்பலில் பல நிற உடுப்பணிந்த க்ரூமேட்டுகள் கம்பி இணைத்தல், எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றுதல், அட்டையைத் தேய்த்தல் முதலான டாஸ்க்குகளைச் செய்து முடிக்க வேண்டும். அவர்களுக்குள்ளே ஒருவர் முதல் மூவர் வரை இம்போஸ்டர்கள். இவர்கள் வேலை செய்வதுபோல் நடித்து, தனியே அகப்பட்டவரைக் கொன்று, விளக்கணைத்தல், கதவடைத்தல் முதலிய நாசவேலைகள் செய்து, தரையிலுள்ள வென்ட் என்னும் காற்றுக்குழாய்களின் வழியே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மறைவாகச் செல்வார்கள். பிணத்தைக் கண்டவர் அறிவித்தாலோ, கஃபெடீரியா மேஜைமேலுள்ள பொத்தானை எவரேனும் அழுத்தினாலோ சபை கூடும், விவாதம் நடக்கும், அதிக வாக்குப் பெற்றவரைக் கப்பலினின்று வெளியே எறிந்துவிடுவார்கள். இறந்தவர் உயிருள்ளவர்களோடு பேச இயலாது. தம் டாஸ்க்குகளை மட்டும் ஆவியாய் இருந்தபடி முடிக்கலாம்.

இனி, பகையைக் கண்டறியும் விதத்துக்கு வருகிறேன். நம் தர்க்க நூலோர் ஒரு பொருளை அறிவதற்குரிய கருவிகளை அளவைகள் என்று வகுத்தார்கள்: நேரே காண்பது காண்டல், கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது கருதல், நம்பத் தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை. இவற்றோடு, இல்லாமையைக் கண்டு அறியும் அபாவத்தையும், வேறுவகையில் பொருந்தாத ஒன்றைப் பொருத்துவதற்காகக் கொள்ளும் அருத்தாபத்தியையும் சேர்த்துக் கணக்கிடுவோரும் உண்டு. பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருக்கக் கண்டால் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்வது அருத்தாபத்திக்கு அவர்கள் காட்டும் உதாரணம். இந்தச் சாஸ்திரத்தைப் பெயரளவில் மட்டும் அறிந்த இளைஞர்கள் அதன் பிரயோகத்தை இந்தக் கப்பலில் நாள்தோறும் பயில்கிறார்கள் என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

மெட்பே அறையில் உடல் பரிசோதனைக்காக மேடைமேல் ஒருவர் நிற்கும்போது, காட்சி டாஸ்க்கு என்னும் ஏற்பாடு இயங்கினால், அவரைச் சுற்றிப் பச்சை வளையம் ஏறி இறங்குவதை அருகிலிருப்பவர் காணலாம். இம்போஸ்டருக்கு அது எழும்பாது. இது ஐயத்துக்கு இடமற்ற காண்டல். திரையின் மேலே எல்லாருடைய உழைப்பையும் சேர்த்துக் காட்டும் பச்சைப் பட்டை ஒன்று இருக்கிறது. ஒருவர் டாஸ்க்கை முடித்ததுபோல் விலகிய பின்னும் பட்டை ஏறவில்லையானால், அந்த ஏறாமையே அவருக்கு விரோதமான அபாவப் பிரமாணம். ஆனால் இதில் அவசரம் உதவாது. இரண்டு மூன்று இடங்களில் செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் கடைசிப் பகுதி நிறைவேறினாலன்றிப் பட்டை அசையாது. இந்தச் சூட்சுமம் தெரியாதவர்கள் எத்தனையோ நிரபராதிகளை வெளியே எறிந்திருக்கிறார்கள். அட்மின் அறையிலுள்ள மேஜை எந்த அறையில் எத்தனை பேர் என்று காட்டும். அவர் யார் என்று காட்டாது. கருதலுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை.

என் தங்கையின் பிள்ளைகளும் அவர்களுடைய தோழர்களுமாகப் பத்துப் பேர், தொலைபேசியில் ஒருங்கே பேசிக்கொண்டு ஆடிய ஓர் ஆட்டத்தில் இந்த அளவைகள் அனைத்தும் ஒன்றுகூடி வந்தன. மெட்பேயில் ஒரு பிணம் கிடப்பதாகச் சிவப்பு உடுப்பிலிருந்த என் மருமகள் அறிவித்தாள்; தான் கஃபெடீரியாவுக்குள் நுழைகையில் பச்சை உடுப்பிலிருந்தவன் அந்தப் பக்கத்திலிருந்து வெளியே வந்ததாகவும் சொன்னாள். அவள் சொல்லை நம்பலாமா? சற்று முன்பு அவள் பரிசோதனை மேடையில் நின்றபோது வளையம் எழும்பியதை இருவர் பார்த்திருந்தார்கள். ஆகவே அவளுடைய உரைக்குக் காண்டலின் பலம் இருந்தது. பச்சையோ சிறிதும் கலங்காமல், தான் எலெக்ட்ரிக்கலில் வேலை முடித்து அந்தப் பக்கமாக வந்ததாகவும், மெட்பே வாசலைக் கடந்ததைத் தவிர வேறொன்றும் அறியேன் என்றும் விடை சொன்னான். அவன் எலெக்ட்ரிக்கலுக்குள் புகுந்ததை நான் கண்டிருந்தேன், அவ்வளவும் உண்மையே. அந்த இரண்டு அறைகளும் சுவருக்குச் சுவர் அடுத்தவை. கால்நடையாகச் செல்வதற்கு மாத்திரம் தூரமானவை. ஸ்டோரேஜ், கஃபெடீரியா வழியாகச் சுற்ற வேண்டும். அல்லது லோயர் எஞ்சின், அப்பர் எஞ்சின் வழியாகச் சுற்ற வேண்டும்.

“நீ எந்த வழியா வந்தே?” என்று கேட்டேன்.

“லோயர் எஞ்சின் வழியாத்தான் மாமா.”

அப்பர் எஞ்சினில் எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்த பையன் உடனே இடைமறித்தான்: “நான் ரொம்ப நேரமா இங்கேயே நிக்கிறேன். யாரும் என்னத் தாண்டிப் போகல.”

“இல்ல, இல்ல, ஸ்டோரேஜ் வழியா வந்தேன். மறந்துட்டேன்.”

ஸ்டோரேஜில் நின்றுகொண்டிருந்தவன் நான். அதை அதுவரையில் வெளியிடாமல் வைத்திருந்ததால்தான் அவன் அந்த வழியைச் சொல்லத் துணிந்தான். இரண்டு தரைவழிகளும் அடைபட்டுப்போன பின்பு, எலெக்ட்ரிக்கலில் இருந்த ஒருவன் மெட்பே வாசலில் தோன்றியிருக்கிறான் என்றால், அந்த இரண்டு அறைகளையும் செக்யூரிட்டியையும் இணைக்கிற வென்ட்டைத் தவிர வேறு மார்க்கம் அவனுக்கு இல்லை. அப்பர் எஞ்சின் பையனின் “யாரும் வரவில்லை” என்ற சொல்லுக்கு அன்று மதிப்பிருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு: அந்த நேரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இம்போஸ்டர் விளக்கை அணைத்துவிட்டால் மற்றவர்களின் பார்வை ஓரடிக்குச் சுருங்கிவிடும். அப்போது “நான் காணவில்லை” என்பதால் ஒன்றும் ஸ்தாபிதமாகாது. இருந்தால் தெரிந்திருக்கக் கூடிய இடத்தில் தெரியாமையே இன்மைக்குப் பிரமாணம் என்று தர்க்க நூலார் விதித்த நிபந்தனையை, பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று “அப்ப லைட்டு இருந்துச்சா?” என்ற ஒரே கேள்வியால் எழுப்பிவிட்டது. எனக்கு உண்டான ஆனந்தத்தை நான் மறைக்கப்போவதில்லை. பச்சை வெளியேறினான்; அவன் இம்போஸ்டரே என்று திரையும் உறுதி செய்தது.

இதிலிருந்து புதிதாக ஆடுவோருக்கு நான் வற்புறுத்துவது ஒன்றுண்டு. சபை கூடியவுடன் தமக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிடுகிறவர், பொய் சொல்கிறவனுக்குப் பொருத்தமான கதையைத் தாமே தயாரித்துக் கொடுக்கிறார். எங்கே இருந்தாய், யாருடன் இருந்தாய், எந்த வழியே வந்தாய் என்று முதலில் கேட்டு, விடையை வாங்கிக்கொண்டு, அதன்பிறகே தம் சாட்சியத்தை அவிழ்க்க வேண்டும்.

2021 நவம்பரில் நுழைந்த புதிய வேஷங்கள் இந்தச் சாஸ்திரத்தின் தூண்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கின்றன. எஞ்சினியர் என்பவர் க்ரூமேட்டாக இருந்தும் வென்ட்டுக்குள் புகலாம். ஆகையால் மேலே நான் விவரித்த ஊகம் எஞ்சினியர் உள்ள ஆட்டத்தில் முழு நிர்ணயமாக முடியாமல், பலத்த சந்தேகமாக மட்டுமே நிற்கும். ஷேப்ஷிஃப்டர் இன்னும் கொடியவர்; வேறொருவரின் நிறத்தைத் தாமே பூண்டு கொலை செய்வதால், கண்ணால் கண்டதே பொய்யாகிவிடுகிறது. எஞ்சினியரை நான் வரவேற்கிறேன், அது புத்தியைக் கூர்மைப்படுத்துகிறது. ஷேப்ஷிஃப்டரையோ, ஆட்டத்தில் நன்கு ஊறியவர்கள் மட்டும், உருமாற்றத்துக்குத் தடயம் விடும் ஏற்பாட்டை இயக்கிவிட்டுச் சேர்த்துக்கொள்வது நலம். காண்டலே நம்பத் தகாததாகிவிட்ட சபையில் அனுபவமில்லாதவர்கள் ஆராய்ச்சியைக் கைவிட்டு வெறும் கூச்சலில் இறங்கிவிடுகிறார்கள். 2024இல் வந்த மூன்று வேஷங்களில், இறக்கும்போது தன் இடத்தை எல்லாருக்கும் அறிவிக்கும் நாய்ஸ்மேக்கர் மிக நேர்த்தியான கற்பனை. செத்தவனும் ஒரு சாட்சியம் சொல்லிவிட்டுப் போகிறான்.

அறிமுகமில்லாதவர்கள் கூடும் பொது அறைகளைப் பற்றி என் மனம் கசப்பாகவே இருக்கிறது. அங்கே பிணம் அறிவிக்கப்பட்ட கணத்தில் ஒருவர் ஒரு நிறத்தைத் தட்டச்சு செய்கிறார். காரணம் கேட்பார் இல்லை. இரண்டாமவர் அதையே திருப்பிச் சொல்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் தம் விடையை எழுதி முடிப்பதற்குள் வாக்குகள் விழுந்துவிடுகின்றன. தட்டச்சில் மெதுவானவர் என்ற ஒரே குறையினால் ஒரு நிரபராதி வெளியேறுவதைக் காணும்போது, விளையாட்டுத்தானே என்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. கணித ரீதியாகவும் இந்த அவசரம் அழிவையே தரும். பிரேவர்மன், எட்டேசாமி, மாசெல் என்னும் மூவர் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ‘மாஃபியா’ ஆட்டத்தில் துப்பறிவோர் எவரும் இல்லாதபோது, மறைந்திருக்கும் பகைவரின் தொகை மொத்தத் தொகையின் வர்க்கமூலத்தை ஒட்டி இருந்தாலே இரு கட்சிக்கும் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய சமமாகிவிடும் என்று நிறுவியது. துப்பில்லாமல் வாக்களிக்கும் பெருங்கூட்டத்தை ஆட்டிவைக்க மிகச் சிலரே போதும் என்பது அதன் பொருள். துப்பறிவோர் சேர்ந்துவிட்டால் அந்தக் கணக்கே மாறி, பகைவர் மொத்தத்தில் கணிசமான பங்காக இருந்தாலன்றி ஈடுகொடுக்க முடியாது என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

வெளியேற்றப்பட்டவர் இம்போஸ்டரா அல்லவா என்று திரையில் அறிவிக்கும் ஏற்பாட்டை அறை அமைப்பவர் அணைத்தும் வைக்கலாம். வல்லவர்கள் அணைத்தே ஆடுகிறார்கள். நான் அதை எரியவிடுவதையே விரும்புகிறேன். தாம் எறிந்தது குற்றமற்ற ஒருவரை என்பதைச் சபை அக்கணமே அறிந்து, அந்த அறிவோடு அடுத்த விசாரணைக்கு வர வேண்டும்.

இவ்விளையாட்டு தரும் பல களங்களுள் முதலில் பயில வேண்டியது ஸ்கெல்டே. மிரா தலைமையகத்தில் எல்லா வென்ட்டுகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் வழிமறிக்கும் ஊகங்கள் அங்கே வலுவிழக்கின்றன. அதை ஈடுசெய்ய, கடந்து போனவர் நிறத்தைப் பதிவு செய்யும் கருவி வைத்திருக்கிறார்கள். போலஸில் யார் உயிருடன் இருக்கிறார் என்று காட்டும் பலகை உண்டு. கொலை நடந்த நேரத்தை நிர்ணயிக்க அது பேருதவி. 2021இல் வந்த ஏர்ஷிப் மிகப் பெரியது; சிறு கூட்டத்துக்கு அது பாலைவனம்.

கைப்பேசியில் விளையாட்டு இலவசம். விளம்பரங்கள் இடையிடையே வரும். சிறு திரையில் டாஸ்க்குச் சாளரம் சுற்றுப்புறத்தைப் பெரிதும் மறைத்துவிடுவதால், கவனித்து ஆட விரும்புவோருக்குக் கணினியே உகந்தது. சபையில் எழுத்து வழி உரையாடல் மட்டுமே உண்டு. அதனால் தெரிந்தவர்களைத் தொலைபேசியில் இணைத்துக்கொண்டு, சபை கூடாத வேளையில் எல்லாரும் வாய் மூடியிருப்பது என்ற ஒப்பந்தத்தோடு ஆடுவதே உத்தமம். ஓர் அறையில் 15 பேர் வரை சேரலாம். நால்வரே போதும் என்று விளையாட்டு அனுமதித்தாலும் அதை நம்பித் தொடங்க வேண்டாம். இம்போஸ்டரின் எண்ணிக்கைக்கு மற்றவர் எண்ணிக்கை சமமானவுடன் ஆட்டம் முடிந்துவிடும் ஆகையால், நால்வரில் இருவர் மாண்டதும் விசாரிப்பதற்குச் சபையே இராது. எட்டுப் பேர் சேரும் வரையில் காத்திருங்கள்.