பார்ப்பவர் யார்? குறிப்பறிதல் அதிகாரமும் உடல்மொழி ஆய்வும்

முன்னுரை

திருக்குறளின் 110ஆம் அதிகாரமாகிய குறிப்பறிதலை உடல்மொழி நோக்கில் ஆராய்வோர், கண்ணோட்டம், நகை, தலைகவிழ்தல் எனக் குறிப்புகளை வகைப்படுத்துவதோடு நின்றுவிட இடமுண்டு. அவ்வகைப்பாடு பயனுடையதே. ஆயினும் அக்குறிப்புகள் யார் பார்க்கையில் நிகழ்கின்றன என்னும் வினாவை அது தொடுவதில்லை.

இருவரிடைப் பார்வை

தலைவன் நோக்கும்போது தலைவி நிலத்தை நோக்குகிறாள். அவன் நோக்காதபோது அவனை நோக்கி மெல்ல நகுகிறாள் என்கிறது 1094ஆம் குறள். நோக்காதவன் அந்நகையை எங்ஙனம் அறிந்தான்? நோக்காதவன்போல் இருந்தே அவன் அவளைக் கவனித்திருத்தல் வேண்டும். ஆகவே இக்குறளைத் தலைவியின் நாணம் என்று மட்டும் விளக்குதல் போதாது. இருவர் நோக்கும் மற்றவர் நோக்கைக் கணித்தே அமைகின்றன.

ராபர்ட் கிராட், ராபர்ட் ஜான்ஸ்டன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், பௌலிங் ஆட்டக்காரர்கள் ஆட்டத் தளத்தை நோக்கியிருந்தபோது அல்லாமல், நண்பர்கள் பக்கம் திரும்பியபோதே மிகுதியாகப் புன்னகைத்தனர். அங்குப் பிறர் பார்வை நகையை வளர்க்கிறது, குறளிலோ அடக்குகிறது. பார்வையின் விளைவைப் பார்ப்பவரோடுள்ள உறவே முடிவுசெய்கிறது.

மூன்றாமவர் பார்வை

காதலர் அயலார்போல் பொதுநோக்கு நோக்குவதை 1099ஆம் குறள் கூறுகிறது. குறளில் மூன்றாமவர் இல்லை. இதனைத் தோழி தன்னுள்ளே சொல்லியதாகக் கொண்டு, பார்ப்பவரைப் பரிமேலழகரே காட்டுகிறார்.

மறைக்கப்பட்ட உணர்வு உடலின் வேறு உறுப்புகள் வழியே கசியும் என்பது பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் ஆகியோர் 1969இல் முன்வைத்த கருத்து. அதனை இக்குறளுக்கு அப்படியே பொருத்த இயலாது. இங்குக் கசிவு எதுவும் சுட்டப்படவில்லை. உண்மையான அயலார் அயலார்போல் நடிக்க வேண்டியதில்லை. அம்முயற்சியையே தோழி படிக்கிறாள். மறைத்தலே குறிப்பாகிறது. கண்ணொத்த நோக்கைக் கூறும் 1100ஆம் குறளைக் கசிவுக்குச் சான்றாகக் காட்டலாம். எனினும் அதற்கு முந்தைய குறளிலேயே தோழி காதலை உணர்ந்துவிடுகிறாள்.

முடிவுரை

யார், யாருக்கு, எந்நிலையில் கூறியது எனச் சுட்டும் உரைக்குறிப்புகள் துறை விளக்கங்களாக மட்டுமே கருதப்படுதல் கூடாது. அவை பார்ப்பவரின் இடத்தைப் பதிவுசெய்யும் தரவுகள். அவற்றை விடுத்து உடல்மொழிச் சொற்களை மட்டும் பொருத்தும் ஆய்வு, குறிப்பைக் காணும், குறிப்பறிதலைக் காணாது.