கைக்குழந்தை உளவியலில் எண்ணிக்கையும் அளவுகோலும்

பேசத் தொடங்காத குழந்தையின் மனத்தை அறிய உளவியலாளர் பெரிதும் நம்பியிருப்பது, அக்குழந்தை ஒன்றை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்னும் கணக்கையே. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தை சலித்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பின்னர் வேறொரு படத்தைக் காட்டும்போது மீண்டும் நெடுநேரம் பார்த்தால், இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அது உணர்ந்தது என்று கொள்வர். நுட்பமான முறைதான், ஆயினும் பசி, தூக்கம், மடியில் வைத்திருக்கும் தாயின் சிறு அசைவு ஆகிய அனைத்தும் பார்வையை மாற்றக்கூடியவை என்பதாலும், ஓர் ஆய்வில் இருபது குழந்தைகள்கூடச் சேராதது வழக்கமாக இருந்ததாலும், தற்செயலுக்கும் உண்மைக்கும் இடையிலான எல்லை இத்துறையில் மங்கியே இருந்து வந்துள்ளது.

2007ஆம் ஆண்டு கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. மேடேற முயலும் பொம்மைக்கு உதவிய பொம்மையையும் அதைக் கீழே தள்ளிய பொம்மையையும் பார்த்த ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரும், பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும் உதவிய பொம்மையையே தேர்ந்தனர். நன்மை தீமை பற்றிய உணர்வு பிறவியிலேயே வேரூன்றியது என்னும் வாதம் இதனால் வலுப்பெற்றது. ஆனால் பல நாட்டு ஆய்வகங்கள் ஒரே செயல்முறையைப் பின்பற்றும் ‘மெனிபேபீஸ்’ கூட்டமைப்பு 37 ஆய்வகங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அச்சோதனையை நடத்தியபோது, உதவிய பொம்மையைத் தேர்ந்தவர் ஏறத்தாழப் பாதிப்பேரே. இதனால் மூல ஆய்வு முற்றிலும் பொய்த்துவிட்டதாகக் கூறுவது அவசரமாகும். கூட்டமைப்பின் சோதனையில், நேரில் நடத்திய பொம்மலாட்டத்துக்குப் பதில் காணொளி காட்டப்பட்டது என்பதும் எண்ணத்தக்கது. எல்லா இடத்திலும் ஒன்றுபோல் நடத்துவதற்காக, மூல ஆய்வின் ஒரு கூறு கைவிடப்பட்டிருக்கிறது.

இக்கூட்டமைப்பின் மதிப்பு ஐயத்துக்கு இடமற்றது. தரவு திரட்டும் முன்பே கேள்வியையும் பகுப்பாய்வையும் எழுதி இதழின் ஒப்புதல் பெறும் முறை, விரும்பிய முடிவு வரும்வரை கணக்கை மாற்றிப் பார்க்கும் பழக்கத்தைத் தடுக்கிறது. 2020இல் வெளிவந்த அதன் முதல் ஆய்வில் 67 ஆய்வகங்களின் 2,329 குழந்தைகள், பெரியவர்களிடையேயான பேச்சைவிடக் குழந்தையைக் கொஞ்சும் பேச்சை மிகுதியாக விரும்பினர் என்பது உறுதியானது. ஆயினும் அவ்விருப்பத்தின் அளவு முந்தைய சிறு ஆய்வுகளின் தொகுப்பு காட்டியதில் ஏறக்குறையப் பாதியே.

குறைகள் வேறிடத்தில் உள்ளன. அதே சோதனையை 158 குழந்தைகளிடம் மீண்டும் நடத்தியபோது, முதல்முறை கொஞ்சு பேச்சை மிகுதியாக விரும்பிய குழந்தையே மறுமுறையும் அவ்வாறு விரும்பும் என்பதற்குப் போதிய சான்று கிட்டவில்லை. குழுவின் சராசரியைக் காட்டும் கருவி ஒரு குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லாதிருக்கலாம் என்பதே இதன் பொருள். எண்ணிக்கையை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இக்குறை தானாக நீங்காது. மேலும், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒலிபரப்பப்பட்டவை வட அமெரிக்க ஆங்கிலப் பதிவுகள். அம்மொழியைக் கேட்டு வளரும் குழந்தைகளிடமே விருப்பம் மிகுந்திருந்தது. தமிழ்த் தாயின் கொஞ்சலைக் கேட்டு வளரும் குழந்தையை அப்பதிவால் அளந்தால், அளக்கப்படுவது விருப்பமா, அன்னிய ஒலியின்மீதான தயக்கமா என்று பிரித்தறிய இயலாது.

இந்தியாவில் இச்சிக்கல் முன்பே உணரப்பட்டது. பிரமிளா பாடக் பரோடாவில், குழந்தை வளர்ச்சியை அளக்கும் பேலி அளவுகோலை இந்தியக் குழந்தைகளுக்கேற்பத் தரப்படுத்த, அவ்வழியில் 67 உடலியக்க உருப்படிகளும் 163 மனவளர்ச்சி உருப்படிகளும் கொண்ட இந்திய அளவுகோல் உருவானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற எட்டு நாட்டு ‘மால்-எட்’ ஆய்வோ, குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்ததோடு, ஒரே மதிப்பெண் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருமா என்பதையும் தனியே ஆராய்ந்தது. அமெரிக்க ஆய்வகத்தில் ஐம்பது குழந்தைகளைக் கூடுதலாகச் சேர்ப்பதைவிட இத்தகைய உழைப்பே துறையைச் செம்மையாக்கும்.

எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியில் இத்தகைய ஓர் ஆய்வு தொடங்குமானால், பெல் நிறுவனத்தின் நகரியமான கைலாசபுரத்தின் குழந்தைகளை மட்டும் சேர்ப்பதே எளிது. குடியிருப்புகள் அடுத்தடுத்து உள்ளன, மருத்துவமனையும் அருகிலுண்டு. ஆனால் நிலையான ஊதியமுள்ள, பல மாநிலத்தார் வாழும் நகரியத்தின் முடிவைத் திருச்சிக் குழந்தையின் இயல்பாக அறிவிப்பது பிழை. ஸ்ரீரங்கத்துக் கூட்டுக்குடும்பங்களும், காந்தி சந்தையில் சுமை தூக்குவோரின் வீடுகளும், சுற்றுக் கிராமங்களின் அங்கன்வாடிகளும் விகிதப்படி இடம்பெற வேண்டும். ஒரே குழந்தையைச் சில நாள் இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அழுகையாலோ உறக்கத்தாலோ விலக்கப்பட்ட குழந்தைகள் எவ்வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வெளியிட வேண்டும். உணவுக்கும் உறக்கத்துக்கும் ஒழுங்கான நேரமில்லாத வீட்டுக் குழந்தையே சோதனை நேரத்தில் மிகுதியாக அழுது பட்டியலிலிருந்து நீங்கும் வாய்ப்புள்ளதால், இம்மூன்றாவது விவரம் இன்றி முதலிரண்டும் முழுமை பெறா.